தக்காளி தரும் நலம்: உறுதியானதும் மிகையானதும்

தமிழ்நாட்டு அடுப்படியில் தக்காளி இல்லாத நாள் இன்று அரிது. ரசம், சாம்பார், குருமா, சட்னி, தொக்கு, பிரியாணி என்று காலையிலிருந்து இரவு வரை ஏதோ ஒரு வடிவில் அது வந்துவிடுகிறது. ஆனால் நம் சமையலில் இது வயதில் இளையது. தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியில், பெரு, ஈக்வடார் பக்கம் காட்டுச் செடியாக இருந்தது. மெக்சிகோவில் பயிராகப் பண்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு ஐரோப்பா சென்று, பிறகு ஐரோப்பியர்கள் வழியாகவே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. திவசச் சமையலிலும் சில கோயில் மடப்பள்ளிகளிலும் இன்றும் தக்காளி சேர்ப்பதில்லை. புளியும் மிளகுமே புழங்கிய காலத்தின் சமையல் அங்கே அப்படியே நிற்கிறது.

இவ்வளவு குறுகிய காலத்தில் அன்றாட உணவாகிவிட்ட இந்தப் பழத்தைப் பற்றி நேரெதிரான இரண்டு பேச்சுகள் ஊரில் உலவுகின்றன. புற்றுநோயைத் தடுக்கும், இதயத்தைக் காக்கும், தோலுக்கு மினுமினுப்புத் தரும் என்பது ஒரு பக்கம். சிறுநீரகத்தில் கல் வரும், மூட்டுவலி கூடும், விதையை எடுத்துவிட்டுச் சமையுங்கள் என்பது மறுபக்கம். கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தக்காளியைப் பற்றி நடந்துள்ள ஆராய்ச்சிகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது இரண்டு பேச்சுமே அளவு மீறியவை என்றுதான் எனக்குப் படுகிறது. தக்காளி நல்ல உணவு. மருந்தாக அதை நம்புவதற்குப் போதிய சான்று இல்லை. அந்த நல்ல உணவிலிருந்து நம் உடம்புக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை, நாம் அதைச் சமைக்கும் விதம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். சமைக்காத 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 95 கிராம் தண்ணீர். கிடைக்கும் ஆற்றல் 18 கிலோ கலோரி மட்டுமே. நார்ச்சத்து ஒரு கிராமுக்குச் சற்று மேல், பொட்டாசியம் சுமார் 240 மில்லிகிராம், வைட்டமின் சி சுமார் 14 மில்லிகிராம். இவை பெரிய அளவுகள் அல்ல. ஒரு நெல்லிக்காயிலோ ஒரு கொய்யாவிலோ இதைவிடப் பல மடங்கு வைட்டமின் சி கிடைக்கும். ஆனால் நெல்லிக்காயை நாம் தினமும் தின்பதில்லை. தக்காளியைத் தினமும், மூன்று வேளையும் சேர்க்கிறோம். சிறிய அளவானாலும் நாள் தவறாமல் உடம்புக்குப் போவதால் அதற்கு மதிப்பு வந்துவிடுகிறது.

தக்காளிக்குத் தனிப்பெயர் வாங்கித் தந்தது அதன் சிவப்பு. லைக்கோபீன் என்ற நிறமிதான் அந்தச் சிவப்பு. தர்பூசணியிலும் பப்பாளியிலும் சிவப்புக் கொய்யாவிலும் இது உண்டு. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினின் உறவுக்காரப் பொருள்தான் என்றாலும், அதைப் போல இதை உடம்பால் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ள முடியாது. 1989இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் சீஸ் குழுவினர் நடத்திய ஆய்வில், செல்களைச் சிதைக்கக்கூடிய ஒருவகை ஆக்சிஜனைத் தணிப்பதில் கரோட்டினாய்டு நிறமிகளிலேயே லைக்கோபீன் முன்னிற்கிறது என்று தெரிந்தது. பீட்டா கரோட்டினைவிட ஏறக்குறைய இரு மடங்கு திறன். அன்றிலிருந்துதான் தக்காளி ஆராய்ச்சி சூடு பிடித்தது. ஆனால் சோதனைக்குழாயில் நடப்பதெல்லாம் உடம்பிலும் அப்படியே நடந்துவிடுவதில்லை. இந்தப் பொருள் குடலைக் கடந்து இரத்தத்தில் சேர வேண்டும். அங்கேதான் அடுப்பின் வேலை தொடங்குகிறது.

1992இல் அதே டுசல்டார்ஃபில் வில்ஹெல்ம் ஸ்டாலும் சீஸும் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். தக்காளிச் சாற்றைச் சிறிது சோள எண்ணெய் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்துக் குடிக்கத் தந்தபோது இரத்தத்தில் லைக்கோபீன் உயர்ந்தது. அப்படிக் கொதிக்க வைக்காத சாற்றைக் குடித்தவர்களிடம் அந்த உயர்வு இல்லை. 1997இல், பச்சையாகத் தின்ற தக்காளியையும் கெட்டியாகக் காய்ச்சிய தக்காளி விழுதையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் லைக்கோபீன் ஒரே அளவு. ஆனால் விழுதைச் சாப்பிட்டபோது இரத்தத்தில் சேர்ந்த உச்ச அளவு இரண்டரை மடங்கு. 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் 2, 15, 30 நிமிடங்கள் சூடாக்கிப் பார்த்தார்கள். முப்பது நிமிடத்தில் வைட்டமின் சி ஏறத்தாழ 29 சதவீதம் அழிந்தது. ஆனால் பிரித்தெடுக்கக் கூடிய லைக்கோபீன் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

சூடாக்கினால் ஒரு சத்து எப்படிக் கூடும் என்று கேட்கலாம். புதிதாக எதுவும் உண்டாவதில்லை. லைக்கோபீன் பழத்தின் செல்களுக்குள் நுண்ணிய படிகங்களாக, நார்ச்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. சூடு அந்தச் சுவரைக் குலைத்து அதை வெளியே விடுகிறது. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். நேர்க்கோடாக நீண்டிருக்கும் அதன் மூலக்கூறு எண்ணெயில் சூடேறும்போது ஆங்காங்கே வளைகிறது. வளைந்த வடிவத்தைத்தான் குடல் எளிதாக ஏற்கிறது. நம் இரத்தத்தில் சுற்றும் லைக்கோபீனில் பாதிக்கு மேல் இந்த வளைந்த வடிவமே. ஜப்பானின் மெய்ஜோ பல்கலைக்கழகத்தில் மசாக்கி ஹோண்டா குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள்: வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் இந்த வளைதலைத் தூண்டுகின்றன. தக்காளி, வெங்காயம், பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து வதக்கும் ஸ்பெயின் நாட்டு சோஃப்ரிட்டோவை பார்சிலோனா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோதும் இதை ஒட்டிய முடிவுகளே வந்தன.

இதையெல்லாம் படிக்கும்போது நம் வீட்டு வாணலிதான் கண்முன் வருகிறது. கடுகு வெடித்த எண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, தக்காளி போட்டு, எண்ணெய் பிரிந்து வரும்வரை சுருள வதக்குகிறோம். ஓரத்தில் சிவந்து பிரியும் அந்த எண்ணெயில் மிளகாய்த்தூளின் நிறம் மட்டும் இல்லை, கரைந்த லைக்கோபீனும் இருக்கிறது. ஆய்வகங்கள் வந்து சேர்ந்த முறையை நம் சமையல் ருசியின் வழியே முன்னரே பிடித்து வைத்திருக்கிறது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான். அதே சமயம் எண்ணெய் நிறைய ஊற்ற வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஆய்வொன்றில், கொழுப்பே இல்லாத கலவையை ஊற்றிய காய்கறிச் சாலட்டைத் தின்றவர்களின் உடம்பில் இந்த நிறமிகள் ஏறக்குறைய சேரவே இல்லை. எண்ணெய்க் கலவையோடு தின்றபோது சேர்ந்தன. ஒரு வேளை உணவில் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் இருந்தாலே போதும்.

ரசத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. தக்காளியைக் கரைத்துச் சக்கையை வடிகட்டி எறிந்துவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் ரசமாக வைப்பவர்கள் உண்டு. பொட்டாசியமும் புளிப்புச் சத்தும் அந்த நீரில் இருக்கும். தண்ணீரில் கரையாத லைக்கோபீன் சக்கையோடு குப்பைக்குப் போய்விடும். தோலுக்கும் இதே கதிதான். பழத்தின் சதையைவிடத் தோலில் லைக்கோபீனும் ஃபிளேவனாய்டு எனப்படும் காப்புச் சத்துகளும் பல மடங்கு செறிவாக உள்ளன. கொதிநீரில் போட்டுத் தோலை உரித்து எறிவதைவிட, தோலோடு நன்றாக அரைத்துச் சேர்ப்பது மேல். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான பகுதியில்தான் குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் சதையைவிட அதிகம் என்று பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு 2007இல் காட்டியது. தக்காளி சேர்த்தால் குழம்பு ‘எடுப்பாக’ இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தச் சுவை இருக்கும் இடத்தில் உப்பைச் சற்றுக் குறைத்தாலும் நாக்குக்குக் குறை தெரியாது.

வைட்டமின் சி மட்டும் அடுப்பில் குறைகிறது. அதற்குத் தக்காளி வெங்காயத் தயிர்ப்பச்சடி கைகொடுக்கும். தயிரில் உள்ள கொழுப்பு லைக்கோபீனுக்கும் கொஞ்சம் உதவும்.

இனி, தக்காளியைப் பற்றிய மிகப் பெரிய வாக்குறுதிக்கு வருவோம். 1995இல் ஹார்வர்டின் எட்வர்ட் ஜியோவனூச்சி குழுவினர், அமெரிக்காவில் மருத்துவத் துறை சார்ந்த ஏறத்தாழ 48,000 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டார்கள். வாரத்தில் பத்து முறைக்கு மேல் தக்காளி உணவு சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது. பத்திரிகைகள் இதைத் தலைப்புச் செய்தியாக்கின. லைக்கோபீன் மாத்திரைகள் கடைக்கு வந்தன. 2007இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் தன் அறிக்கையில், லைக்கோபீன் உள்ள உணவுகள் இந்தப் புற்றுநோயிலிருந்து காக்கக் கூடும் என்பதை ‘நிகழக்கூடியது’ என்ற தரத்தில் வைத்தது.

பிறகு காற்று மாறியது. 2005இலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கிடைத்த சான்றுகளைச் சலித்துப் பார்த்து, தக்காளிக்கான சான்று மிகக் குறுகியது, லைக்கோபீனுக்கென்று தனியாக நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு செய்திருந்தது. 2007இல் வெளியான மற்றொரு பெரிய அமெரிக்க ஆய்வில், இரத்தத்தில் லைக்கோபீன் கூடுதலாக இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் இந்தப் புற்றுநோயில் வேறுபாடு தெரியவில்லை. 2014இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியமும் தன் பழைய மதிப்பீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ‘முடிவுக்கு வர இயலாது’ என்ற வரிசைக்கு அதை இறக்கியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். தக்காளி நிறையச் சாப்பிடுபவர் மற்றக் காய்கறிகளையும் நிறையச் சாப்பிடுபவராக இருப்பார், புகை பிடிக்காதவராக இருப்பார், உடம்பைப் பேணுபவராக இருப்பார். நன்மை எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். ஆகவே தக்காளி புற்றுநோயைத் தடுக்கும் என்று இன்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் சான்றை மீறிப் பேசுகிறார்.

மாத்திரையைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டும். லைக்கோபீனின் உறவுப் பொருளான பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பி, ஃபின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களிடம் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இதே போன்ற சோதனையை 1996இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. உணவில் ஒன்று நல்லது என்பதற்காக அதைப் பிழிந்தெடுத்து மாத்திரையாக்கினால் அதே நன்மை வரும் என்ற கணக்கு உயிரோடு விளையாடும் கணக்கு. லைக்கோபீன் மாத்திரைக்கு ஆதாரம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இதய நலத்தில் தக்காளியின் கணக்கு இதைவிட மேம்பட்டது. ஃபின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 1,031 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2012இல் வெளியானது. இரத்தத்தில் லைக்கோபீன் மிகுந்திருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிடப் பக்கவாதம் 55 சதவீதம் குறைவு. ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களைக் கவனித்து 2023இல் வெளிவந்த ஆய்வில், நாளொன்றுக்கு 110 கிராமுக்கு மேல் தக்காளி சாப்பிட்டவர்களுக்குப் புதிதாக உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, 44 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களைவிட 36 சதவீதம் குறைந்து காணப்பட்டது. இவையும் கவனித்துப் பார்த்த ஆய்வுகளே. தக்காளிதான் காரணம் என்று நிறுவியவை அல்ல. ஆனாலும் தக்காளியில் பொட்டாசியம் உண்டு, இயற்கையாக உப்பு மிகக் குறைவு. பொட்டாசியம் மிகுந்த, உப்புக் குறைந்த உணவு இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பது உறுதியாகத் தெரிந்தது. ஸ்காட்லாந்தின் ரோவெட் ஆய்வு நிறுவனத்தில் அசீம் தத்தராய், விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பில் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கும் பொருள்கள் இருப்பதைக் கண்டார். அதிலிருந்து எடுத்த செறிவுப் பொருளை, உடல்நலப் பயன் உண்டு என்று குறிப்பிட்டு விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் அனுமதித்தது. நம் வீடுகளில் பயந்து வழித்தெறியும் பகுதிதான் அது.

நம் உடம்பின் தோலைப் பற்றியும் ஒரு சோதனை உண்டு. பத்து வாரங்கள் நாள்தோறும் 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு சாப்பிட்டவர்களுக்குப் புற ஊதாக் கதிரால் தோல் சிவப்பது 40 சதவீதம் குறைந்தது. அவர்கள் சாப்பிட்டார்கள், முகத்தில் தேய்த்துக்கொள்ளவில்லை.

நம் மாநிலத்துக்கு இவையெல்லாவற்றையும்விட முக்கியமானது இரும்புச்சத்து என்பேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கீரை, கம்பு, பருப்பு ஆகியவற்றில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் சியும் தக்காளியின் சிட்ரிக், மாலிக் அமிலங்களும் அதை ஏற்கச் செய்கின்றன. முருங்கைக்கீரையில், பருப்பில், கீரை மசியலில் தக்காளி சேர்ப்பது இதனால்தான் பயனுள்ளது. இரும்பு வாணலியில் தக்காளி வதக்கினால் கொஞ்சம் இரும்பும் உணவில் இறங்கும். அதே புளிப்பு, ஈயம் பூசாத பித்தளையையும் அலுமினியத்தையும்கூட அரிக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ரசத்துக்குப் பெயர் பெற்ற ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதில் காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு. நம்பிக்கையான இடத்தில் வாங்கியதாக இல்லாவிட்டால் எவர்சில்வரே போதும்.

இனி அச்சங்கள். தக்காளி விதையால் சிறுநீரகத்தில் கல் வரும் என்பது தமிழ்நாட்டில் ஆழ வேரோடிய நம்பிக்கை. விதை குடலுக்குப் போகிறது, சிறுநீரகத்துக்குப் போவதில்லை. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. தக்காளியில் ஆக்சலேட் மிகக் குறைவு, பாலக் கீரையில் அதைப் போலப் பல பத்து மடங்கு. வெயிலில் உழைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிடுவதும்தான் நம் ஊரில் கல்லுக்கு வழி வைக்கின்றன. மூட்டுவலிக்கும் தக்காளிக்கும் பொதுவான தொடர்பு நிறுவப்படவில்லை. யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோய் மட்டும் விலக்கு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அந்நோயாளிகளில் கணிசமானோர் தக்காளி சாப்பிட்டால் வலி கிளம்புவதாகச் சொன்னார்கள். அவர்கள் தங்கள் உடம்பைக் கவனித்து நடக்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் புளிப்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

உண்மையிலேயே எச்சரிக்கை வேண்டியவர்கள் சிறுநீரகம் பழுதடைந்தவர்கள். அவர்களால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். கெட்டியான தக்காளி விழுதும் தொக்கும் அவர்களுக்கு ஆபத்து. கல்லுக்குப் பயந்து நல்ல உடம்புக்காரர் விதையை எடுத்துக்கொண்டிருக்க, இந்த நோயாளிகளில் பலர் தக்காளி ரசத்தைக் கிண்ணம் கிண்ணமாகக் குடிப்பது வேதனையானது.

தக்காளியைக் கெடுப்பது பெரும்பாலும் அதோடு சேர்வதுதான். நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதக்கணக்கில் கெடாமல் இருக்க உப்பும் எண்ணெயும் கொட்டிச் செய்த தொக்கு, ஊறுகாய் அந்த அளவை எளிதில் தாண்ட வைக்கும். பாட்டில் கெட்சப்பில் லைக்கோபீன் இருப்பது உண்மை. எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சர்க்கரை இருப்பதும் உண்மை. குழந்தைகளுக்கு அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பழத்தைத் தேர்வதிலும் கவனம் தேவை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் செடி லைக்கோபீன் உண்டாக்குவது தடைப்படுகிறது. சித்திரை, வைகாசியில் வரும் பழம் மஞ்சள் பாய்ந்து வெளிறி இருப்பது அதனால்தான். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 போன்ற புளிப்புள்ள நாட்டு வகையானாலும், தடித்த தோலுள்ள ‘பெங்களூர் தக்காளி’யானாலும், ஆழ்ந்து சிவந்து கனிந்ததே சத்தில் மேல். காயாக வாங்கியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பழுக்காது, மணமும் போய்விடும். வெளியே வைத்துப் பழுக்க விட்டு, பழுத்த பிறகே உள்ளே வைக்கலாம்.

விலையும் இந்தக் கணக்கில் சேரும். 2023 ஜூலையில் தக்காளி எட்டாத விலைக்கு ஏறியபோது அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. வேறு மாதங்களில் ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் பறிகூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் விவசாயிகள் சாலையோரம் கொட்டுகிறார்கள். மலிந்த நேரத்தில் உப்பில்லாத விழுதாகக் காய்ச்சி வைக்கும் சிறு ஆலைகள் அந்தச் சந்தைகளின் அருகிலேயே வந்தால் விவசாயியும் பிழைப்பார், சத்தும் வீணாகாது. சத்துணவுக் கூடங்களுக்கு அந்த விழுதை ஆண்டு முழுவதும் கொடுக்க அரசு முன்வர வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது எளிது: தக்காளி மலியும்போது வாங்கி, தோலும் விதையும் எறியாமல், கொஞ்சம் எண்ணெயில், குறைந்த உப்பில், சுருள வதக்கிக் கீரையோடும் பருப்போடும் சேர்த்துச் சாப்பிடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.